ஏலகிரியில் ஒரு கிரகப்பிரவேசம்

அன்புள்ள தோழிக்கு,

வாணியம்பாடியில் எல்லோரும் சௌக்கியம். உனக்கு வேண்டியது அதில்லை, தெரியும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நம் மாங்காயை எல்லாம் தின்று தீர்த்தாளே, அவள் ஏலகிரியில் வீடு கட்டிவிட்டாள்! வீட்டுக்காரருக்கு ஷூ ஏற்றுமதியில் நல்ல காசு. தை மாதம் கிரகப்பிரவேசம், போயிருந்தோம்.

மலை ஏற 14 கொண்டை ஊசி வளைவு. எல்லாவற்றுக்கும் புலவர், வள்ளல் பெயர். என் மாமியாருக்குக் கம்பரில் தலைசுற்றல், கபிலரில் வாந்தி. பாரி வந்தபோது, 'என்னை இங்கேயே இறக்கி விட்டுடுங்க' என்று ஒரே அழுகை.

காட்டை ஒட்டின மனை. விருந்து முடிந்து எச்சில் இலைகளைப் பின்பக்கம் கொட்டிவிட்டார்கள். ராத்திரி எட்டு மணிக்கு சர்ர்ரென்று உறிஞ்சுகிற சத்தம். ஜன்னலைத் திறந்தால் கரடி! சடைசடையாய் முடி, மார்பில் வெள்ளைப் பிறை, விரல் நீளத்துக்கு நகம். புற்றில் மூக்கை வைத்துக் கரையானையே உறிஞ்சி எடுக்கிற பிராணி, பாயசத்தை விடுமா? வீட்டுக்காரர் எங்கே என்று தேடினால், கட்டிலுக்கு அடியில்! ஆனால் அவள் ஊரெல்லாம் 'சிறுத்தை' என்று சொல்லித் திரிகிறாள். 2024 ஜூனில் திருப்பத்தூரில் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே சிறுத்தை புகுந்ததே, அதிலிருந்து கரடி என்றால் கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது.

காலையில் நடக்கப் போன அப்பா, துண்டு நிறையக் கடுக்காய் பொறுக்கிக்கொண்டு வந்தார். ஒன்றைக் கடித்தேன், நாக்கு சுருங்கி ஒட்டிக்கொண்டது. "இந்தத் துவர்ப்புதாம்மா பச்சைத்தோலைத் தோலாக்கும்" என்றார். தாத்தா காலத்தில் அடிவாரத்து ஆவாரம்பட்டையும் ஜவ்வாது மலைக் கடுக்காயும் வண்டி வண்டியாக இறங்குமாம். பட்டைத் தண்ணீர்க் குழியில் தோல் வாரக்கணக்கில் ஊறுமாம். தாத்தாவின் உள்ளங்கை சாகும்வரை மரக்கலர்தான். இப்போது டிரம்மில் குரோம் போட்டுச் சுற்றினால் ஒரே நாளில் தோல் நீலம். அந்தக் கழிவு கலந்து பாலாறு என்ன ஆனது என்று உனக்கே தெரியும். ஆவாரம் பாட்டுக்கு ரோட்டோரம் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கிறது, உரிக்க ஆளில்லை.

அந்த நேரம் பார்த்து ஏற்றுமதிக்காரர் காபி டம்ளரோடு வந்தார். துண்டைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது என்ன காய்?" என்றார்.

தோல் வியாபாரிடி!

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பெரிய காயாகப் பார்த்து எடுத்து நீட்டினார். பாவம், மனுஷர் நறுக்கென்று கடித்துவிட்டார்.

பதில் போடு. கட்டில் விஷயம் நமக்குள் இருக்கட்டும்.