பண்ணைக் கடலில் ஒரு மின்னல் இரவு

யாழ்ப்பாண நகரிலிருந்து தீவகம் செல்வோர் முதலிற் கடப்பது பண்ணைத் தாம்போதியாகும். ஒல்லாந்தர் கோட்டை பின்னே மறைய, இருமருங்கும் ஆழமற்ற கடல்நீரேரி விரிந்து கிடக்கும். ஐப்பசி மாதத்தில் அங்கு ஓர் அரிய காட்சி உண்டு. வடகீழ்ப் பருவக்காற்று நிலைகொள்ளுமுன், பகல் வெப்பத்தால் மேலெழும் ஈரக்காற்று பிற்பகலிற் கருமுகிலாகத் திரண்டு, இரவில் இடியும் மின்னலுமாக முழங்கும்.

கடந்த ஐப்பசியில் அம்மின்னலைப் படம்பிடிக்கும் ஆசையோடு அங்கு சென்றேன். மின்னலைக் கண்டபின் பொத்தானை அழுத்திப் பயனில்லை. பெரும்பாலான மின்னல்கள் அரைச் செக்கனுக்குள் மறைந்துவிடும். ஆதலால் கமராவை முக்காலியில் நிறுத்தி, அதன் கண்ணை 15 அல்லது 20 செக்கன் திறந்து வைத்துக் காத்திருத்தல் வேண்டும். இருளிலே மின்னல் தன் உருவைத் தானே வரைந்துவிடும். 1882ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் வில்லியம் ஜென்னிங்ஸ் என்பவர் மின்னலைப் படம்பிடித்தார். ஓவியர்கள் கூரிய கோணல்களாய் வரைந்துவந்த மின்னல், உண்மையில் கிளைவிட்ட ஆற்றைப் போன்றதென்பதை அத்தகைய படங்களே உலகுக்குக் காட்டின.

மண்டைதீவுப் பக்கம் ஒளி வெட்டியது. எண்ணினேன்; 12 செக்கனின் பின் இடி கேட்டது. ஒலி ஒரு கிலோமீற்றர் கடக்க ஏறத்தாழ 3 செக்கன் ஆகும். எனவே மின்னல் 4 கிலோமீற்றருக்கு அப்பால் என்று தேறுதல் கொண்டேன்.

அப்போது, வலையைத் தோளிலிட்டுக் கரையேறிய முதியவர் ஒருவர் என்னருகே நின்றார்.

"தம்பி, உந்த இரும்புக் காலை விட்டிட்டு வாரும். வெட்டவெளியிலை நிக்கிற நேரமில்லை இது."

"மழை இன்னும் தூரத்திலைதானே, ஐயா?"

"என்ரை தம்பியும் உப்பிடித்தான் சொன்னவன். வலையை எடுத்துக்கொண்டு வாறன் எண்டவன். மழை வர முன்னமே மின்னல் வந்திட்டுது."

மறுமொழி கூற நாவெழவில்லை. அவர் கூறியதே உண்மை. மழைக்குப் பத்துக் கிலோமீற்றர் அப்பாலும் மின்னல் விழக்கூடும். கமராவை எடுத்துக்கொண்டு அவரையும் என் வாகனத்துள் ஏற்றிக் கண்ணாடிகளை மூடினேன். இரும்புக் கூரையுள்ள மூடிய வாகனத்தில் மின்னல் விழினும், அது பெரும்பாலும் வெளித்தகட்டின் வழியே நிலத்தைச் சேர்ந்துவிடும்.

முன்கண்ணாடியின் அருகே கமராவைச் சாய்த்து வைத்தேன். அன்றிரவு தேறியது ஒரே படம். அதை முதியவரிடம் காட்டினேன். வானிலிருந்து கடல்வரை பரந்த கிளைகளை அவர் நெடுநேரம் நோக்கினார்.

"ஒரு நொடிக்குள்ளை இவ்வளவு கொப்பா? அண்டைக்கு நான் கண்டது வெளிச்சம் மட்டுந்தான்" என்றார்.

கடைசி இடி ஓய்ந்து 30 நிமிடங்கள் கழிந்த பின்பே வாகனத்தை விட்டு இறங்கினோம்.

மின்னலைப் படம்பிடிக்க விரும்பும் மாணவர்களுக்கு ஒன்று கூறுவேன். ஒளிக்கும் ஒலிக்கும் இடையே 30 செக்கன் இல்லையெனில் உள்ளே சென்றுவிடுங்கள். மூடிய சன்னலூடாகப் படமெடுங்கள். தவறிய படம் அடுத்த மழையிலும் கிடைக்கும்.