இந்தக் கல்லை யார் கொண்டுவந்து போட்டது?

வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று மலை இடிந்து வந்தபோது நடுச்சாமம் தாண்டியிருந்தது. முண்டக்கையின் அரசு தொடக்கப் பள்ளி அழிந்துபோயிற்று. கீழே சூரல்மலையில், ஆற்றங்கரையில் நின்ற வெள்ளார்மலைப் பள்ளிக்குள் பாறையும் மரமும் வந்து அடைத்துக்கொண்டன. பகலாக இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்காத ஆள் எங்கள் இடுக்கி வண்டன்மேட்டுப் பக்கத்தில் இருந்திருக்க மாட்டார். இங்கேயும் மலைதான், அதே கர்க்கடக மழைதான்.

நான் கம்பத்திலிருந்து கொத்து வேலைக்கு மலையேறியவன். ஏலக்காடுகளில் ஸ்டோர், தொழிலாளர் குடியிருக்கும் லயம், கோயில் மதில் என்று நான் கட்டாதது குறைவு. தோட்டத்தில் சமமான நல்ல இடம் முதலில் ஸ்டோருக்குப் போகும், அடுத்து பங்களாவுக்கு. பிள்ளைகளின் முறை வரும்போது எதற்கும் ஆகாத துண்டுதான் மிச்சமிருக்கும். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே வந்துவிட்டது. 50 பெண்கள் வேலை செய்கிற தோட்டத்தில் கிரஷ், அதாவது பிள்ளைக் காப்பகம், வைக்க வேண்டும் என்றது. ஆனால் எந்த இடத்தில் என்பதை நடைமுறையில் மேனேஜர்தான் தீர்மானிப்பார்.

அப்படி ஒரு கிரஷ் கட்ட ஒரு தோட்டத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். ஓடையோரம், அருமையான சமதளம். சுற்றிலும் பெரிய பெரிய கருங்கற்கள் பாதி புதைந்து கிடந்தன. அப்போது நான் இளவட்டம். அஸ்திவாரத்துக்குக் கல் காலடியிலேயே கிடக்கிறது, லாரி வாடகை மிச்சம் என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். கூட்டல் கணக்கில் நான் எப்போதுமே கெட்டிக்காரன். பக்கத்தில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா நிமிர்ந்து கேட்டார்: "ஏப்பா மேஸ்திரி, இந்தக் கல்லையெல்லாம் இங்க யாரு கொண்டாந்து போட்டா?"

நான் முழித்தேன். அவரே மேலே கையைக் காட்டினார். இரண்டு சரிவுகள் சேரும் இடத்தில் மலை மடிந்து, பள்ளம் விழுந்து இறங்கியது. "எங்க மாமியா காலத்துல அங்கேருந்துதான் வந்துச்சாம்."

மேலே அப்படி ஒரு மடிப்பு, அதன் வாயில் திடீரென்று ஒரு சமதளம், அதில் சின்னதும் பெரிதுமாகக் கல்லும் மண்ணும் கலந்து கிடப்பது: மூன்றும் சேர்ந்திருந்தால், உருள்பொட்டல் என்று இங்கே சொல்கிற பழைய மலைச்சரிவு ஒன்று வந்து இறங்கிய இடமாக இருக்கலாம். பிற்பாடு படித்த இன்ஜினியர்கள் வாயிலும் இதையேதான் கேட்டேன். களை வெட்டுகிறவர்கள் அந்த மண்ணிலேயே கிடப்பவர்கள். எங்கே புதிதாக ஊற்று கசிகிறது, எந்த மரம் சாய ஆரம்பித்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

பெரியம்மா காட்டியதை நான் சொன்னதும், மேனேஜர் முனகினாலும் மேட்டின் மேலே இடம் மாற்றிக் கொடுத்தார். அதிலும் கஷ்டம் உண்டு. தண்ணீர் அங்கே ஏறாது, சுமக்க வேண்டும். காலையில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறிய தாய்மார்கள் வாயாரத் திட்டினார்கள். படிக்கட்டு வைத்துக் கொடுத்தேன். திட்டு பாதியாகக் குறைந்தது.

கட்டடத்தில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. லிண்டல் மட்டத்தில் கம்பி வைத்த கான்கிரீட் பெல்ட், அறுபடாமல் நாலு சுவரையும் சுற்றி வர வேண்டும். 1988-ல் நெடுங்கண்டம் பக்கம் நிலம் ஆடியது நினைவிருப்பவர்கள் இதை வீண் செலவு என்று சொல்ல மாட்டார்கள். கல் சுவர் என்றால் உள்முகமும் வெளிமுகமும் எட்டும்படி நீளக் கல்லை இடையிடையே குறுக்கே போட வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். முற்றத்துக்காக மேட்டைச் செங்குத்தாக வெட்டவே கூடாது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தடுப்புச்சுவர், அதில் தண்ணீர் வடிய ஓட்டைகள், மேலே மழைத்தண்ணீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால். அந்த ஓட்டைகளில் அடைக்கும் மண்ணை வருஷா வருஷம் மே மாதத்தில் கம்பி விட்டுக் குத்தி எடுக்க வேண்டும். கட்டுவதற்கு எங்கிருந்தாவது பணம் வந்துவிடும். குத்தி எடுக்கிற கூலிக்குத்தான் வராது.

ஆபத்து இடத்துக்கு இடம் மாறும். கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் தீயில் போனார்கள். கீற்றுக் கூரையும் குறுகலான படியும் சேர்ந்து செய்த கொடுமை. கீற்றின் ஆபத்து அன்றைக்குத்தான் புரிந்ததுபோல உத்தரவுகள் பறந்தன. கடற்கரையில் புயல். தனுஷ்கோடிக்குப் போனவர்கள் 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த சுவர்களைப் பார்த்திருப்பார்கள். தீவின் முனை அது. ஓடி ஏற அங்கே மேடே கிடையாது. எங்களுக்காவது மேடு இருக்கிறது, அங்கே மேட்டையும் சேர்த்துக் கட்டித்தான் கொடுக்க வேண்டும். 1999 பெரும்புயலுக்குப் பிறகு ஒடிசாக் கரையில் அதைத்தான் செய்தார்கள். தூண்களின் மேல் எழுப்பிய புயல் காப்பகங்களில் பலவற்றில் மற்ற நாட்களில் வகுப்பு நடக்கிறது, புயலன்று ஊரே மாடியேறுகிறது.

2018 ஆகஸ்ட் மழையில் சாலைகள் அறுந்து இடுக்கியின் ஊர்கள் தனித்தனித் தீவுகளாகக் கிடந்தன. சனங்கள் போர்வையும் துணிமூட்டையுமாகப் போய்ப் படுத்தது பெரும்பாலும் பள்ளிக்கூடங்களில்தான். பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு நிலச்சரிவில் லயங்களோடு 70 உயிர்கள் புதைந்தன. சேதி வெளியே வரவே மறுநாள் காலையாயிற்று. உதவி வந்து சேரும்வரை ஒதுங்கி நிற்க ஊரில் உறுதியான கட்டடம் ஒன்று வேண்டும். அது பள்ளிக்கூடமாக இருந்தால் இரண்டு செலவு இல்லை.

இப்போது எங்கள் பக்கத்தில் ஒரு அங்கன்வாடிக்கு இடம் பார்க்கிறார்கள். வயசுக்கு மரியாதை கொடுத்து என்னையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். இன்ஜினியர் தம்பி நிலச்சரிவு வரைபடத்தைப் போனிலேயே காட்டினார், சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக. நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. களை வெட்டும் பெண்களில் நாலு பேரை வைத்துக்கொண்டு அந்த இடத்தை ஒருதரம் சுற்றி வாருங்கள் என்றேன். வேலை நாளில் வந்தால் அவர்களுக்குக் கூலி போய்விடுமே என்றார்கள். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை போங்கள் என்றேன். தம்பிக்கு அன்று லீவாம். பேச்சு இப்போதைக்கு அந்த இடத்தில் நிற்கிறது.