நான் இட்ட சிவப்புக் கோடு

திருவண்ணாமலையில் வாழ்வோர்க்கு மலையை வலம் வருதல் பழகிய செயல். 14 கிலோமீட்டர் நடந்தால் புறப்பட்ட இடத்திற்கே மீள்வோம். ஆயினும் ஒவ்வொரு திருப்பத்திலும் மலை வேறு வேறு வடிவாய்த் தோன்றும். ஓரிடத்தில் நின்று நோக்கிவிட்டு, "மலை இவ்வளவே" என்று உரைத்தல் பேதைமையாகும். இதனை நாள்தோறும் கண்டும் யான் ஒருமுறை பிழை செய்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன், 'நான் சென்ற பயணம்' என்னும் தலைப்பில் மாணவர்களைக் கட்டுரை வரையச் சொன்னேன். ஒருவன், விழுப்புரத்திலிருந்து புதுவைக்குப் பேருந்தில் சென்றதை எழுதியிருந்தான். "புதுச்சேரி எல்லைக்குள் புகுந்தோம், பின்பு தமிழ்நாட்டிற்குள் வந்தோம், மீண்டும் புதுச்சேரிக்குள் புகுந்தோம்" என்பது அவன் எழுதியது. "முன்னுக்குப்பின் முரண்" என்று சிவப்பு மையால் கோடிட்டு, இரண்டு மதிப்பெண் குறைத்தேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், யான் செவிசாய்த்திலேன்.

ஓய்வு பெற்றபின் அவ்வழியே செல்லும் வாய்ப்பு நேர்ந்தது. மதகடிப்பட்டில் புதுச்சேரி தொடங்கிற்று. திருபுவனை கழிந்தது. கண்டமங்கலத்துப் பெயர்ப்பலகைகளோ விழுப்புரம் மாவட்டம் என்றன. சிறிது தொலைவில் அரியூர், மீண்டும் புதுச்சேரி! அவன் கண்டதை எழுதினான். யான் காணாததைத் திருத்தினேன்.

இவ்விந்தைக்குக் காரணம் வரலாறே. 17ஆம் நூற்றாண்டில் புதுவையில் காலூன்றிய பிரெஞ்சுக்காரர், பல காலங்களில் ஊர் ஊராகப் பெற்ற நிலங்கள் தொடர்ச்சியின்றி அமைந்தன. 1954 நவம்பர் 1ஆம் நாள் அவற்றின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது; 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் அவை சட்டப்படி இணைந்தன. கொடி மாறிற்று, பழைய எல்லைகள் நின்றன. அதனாலேயே காரைக்கால் தமிழ்நாட்டால் சூழப்பட்டும், மாகே கேரளக் கடற்கரையிலும், ஏனாம் ஆந்திரத்தில் கோதாவரிக் கிளையாற்றின் கரையிலும் இருந்தும், புதுவையோடு ஒரே ஆட்சிப்பகுதியாய் விளங்குகின்றன. அங்கு வழங்கும் மொழிகளோ தமிழ், மலையாளம், தெலுங்கு என மூன்று.

ஒரு நாட்டினுள் இத்தகைய எல்லை வழிப்போக்கர்க்கு வேடிக்கையே. இரு நாடுகளுக்கிடையே அமையின் அது துன்பமாகும். கூச் பிகார் அருகே, இந்தியாவும் வங்காளதேசமும் ஒன்றினுள் ஒன்றாய்ச் சிதறிய 162 நிலத்துண்டுகளை 2015 ஜூலை 31 நள்ளிரவில் பரிமாறிக்கொண்டன. அதுவரை அங்கு வாழ்ந்தோர் தம் நாட்டுப் பள்ளியையும் மருத்துவமனையையும் அடைய வேற்று நாட்டைக் கடக்க வேண்டியிருந்தது. படத்தில் மயிரிழையாய்த் தோன்றும் கோடு, மக்கள் வாழ்வில் மதிலாய் நின்றது.

மாணவர்களே! நூலிற் படித்ததைக் கண்ணாலும் காணுங்கள். கண்டது மெய்யாயின், ஆசிரியர் கோடிட்டாலும் பணிவுடன் எடுத்துரையுங்கள். அம்மாணவன் இன்று எங்குளன் என்பதை அறியேன். அவனுக்குக் குறைத்த இரண்டு மதிப்பெண்களையும் இக்கட்டுரையில் திருப்பித் தருகின்றேன்.