கறிவேப்பிலைச் செடியில் ஒரு மாறுவேஷம்!

ஸ்ரீரங்கம் போனால் பெருமாளைச் சேவித்துவிட்டு நேராக ஊர் திரும்புவதுதான் எங்கள் வழக்கம். இந்த முறை மகள் விடவில்லை. மேலூரில் இருக்கும் வண்ணத்துப்பூச்சி பூங்காவுக்கு ஆட்டோ பிடித்தோம். 'பூச்சியைப் பார்க்க இவ்வளவு தூரமா?' என்று முணுமுணுத்தபடி மாமியாரும் வந்தார்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சுமார் 25 ஏக்கரில் விரிந்திருக்கிறது பூங்கா. 2015-ல் திறந்தார்கள். வெயில் ஏற ஏற, பூக்களைத் தேடி வண்ணத்துப்பூச்சிகள் வந்துகொண்டே இருந்தன. கறுப்பு இறக்கை, அதில் வெள்ளைப் பட்டை, கீழ் இறக்கையில் சிவப்புப் பொட்டுகள் என ஒரே மாதிரி இரண்டு.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றாள் மகள்.

அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண் சிரித்தார். "உடம்பைப் பாரு பாப்பா. சிவப்பா இருந்தா அசல். கறுப்பா இருந்தா வேஷம்!"

அசலின் பெயர் கிரிம்சன் ரோஸ். ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி இலைகளைத் தின்று வளர்கிறது இதன் புழு. அந்த இலையின் நஞ்சு, இறக்கை முளைத்த பிறகும் உடம்பிலேயே தங்கிவிடும். ஒருமுறை வாய் வைத்த பறவை, மறுமுறை அந்தச் சிவப்புப் பொட்டைக் கண்டாலே ஒதுங்கிவிடும்.

வேஷக்காரி, கறிவேப்பிலை அழகி. துளி விஷம் கிடையாது. இந்த இனத்தில் ஆண்கள் வேஷம் போடுவதில்லை, பெண்கள் மட்டும்தான். அதிலும் சிலர் ஆணைப் போலவே இருப்பார்கள். சிலர் கிரிம்சன் ரோஸ் போல. இன்னும் சிலர் காமன் ரோஸ் என்ற வேறொரு நஞ்சுப் பூச்சியைப் போல. அமேசான் காடுகளில் 11 ஆண்டுகள் சுற்றிய ஹென்றி வால்டர் பேட்ஸ், இத்தகைய தந்திரத்தை 1862-ல் விளக்கினார். அதனால் இதற்கு 'பேட்ஸ் போலித்தோற்றம்' என்றே பெயர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அசல் நிறைய இருந்தால்தான் போலி பிழைக்கும். களை என்று ஆடுதின்னாப்பாளையை அடியோடு பிடுங்கிவிட்டால் அசல் குறையும்; பறவைகளுக்குப் பயமும் விட்டுப்போகும்.

திரும்பும் வழியில் மாமியார் மெதுவாகக் கேட்டார். "நம்ம மாடித் தொட்டியில, கறிவேப்பிலை மேல காக்கா எச்சம் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்குமே ஒரு புழு... அது?"

அதுவேதான், பாட்டி! எச்சம் போலத் தெரிவதும் ஒரு வேஷம்தான். கொஞ்சம் வளர்ந்ததும் இலையோடு இலையாகப் பச்சையாகிவிடும். அதையும் மீறித் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கொம்பை நீட்டி நாற்றத்தைப் பரப்பும்.

மாமியார் அப்புறம் பேசவில்லை. எத்தனையோ வருஷமாக அந்தப் புழுக்களைக் குச்சியால் தட்டிவிட்டவர் அவர்தான்.

இப்போது எங்கள் மாடியில் இரண்டு கறிவேப்பிலைத் தொட்டிகள். ஒன்று ரசத்துக்கு. இன்னொன்றில் யாரும் இலை பறிக்கக் கூடாது. இது மாமியாரின் உத்தரவு!