அணையாச் சுடர் எரியும் இல்லம்

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்திலும் இலண்டன் என்றொரு நகர் உண்டு. அங்குள்ள பாண்டிங் இல்லத்தைக் கண்டோம். 1920 அக்டோபர் 31 அதிகாலையில் உறக்கமின்றிக் கிடந்த மருத்துவர் பாண்டிங், இன்சுலினுக்கு வித்திட்ட எண்ணத்தைக் குறித்துவைத்தது இவ்வீட்டில்தான். 1923-இல் அதன் காப்புரிமை, தலா ஒரே டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்திற்குக் கொடுக்கப்பட்டது.

2019 ஜூனில் அமெரிக்க நீரிழிவு நோயாளரும் அவர்தம் பெற்றோரும் மின்னசோட்டாவிலிருந்து பேருந்தேறி, எல்லை கடந்து இந்நகருக்கு வந்து, தம் நாட்டு விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கு அதே மருந்தை வாங்கினர். விலைக்கு அஞ்சி, அளவைக் குறைத்துப் போட்டு மாண்டவர்களும் அந்நாட்டில் உண்டு! வந்தவர்கள் இவ்வில்லத்தையும் கண்டு சென்றனர்.

வெளியே, 1989-இல் ஏற்றிய சுடர், இந்நோய் அறவே நீங்கும் வழி காணும்வரை எரியுமாம். நற்கருணைப் பேழையின் விளக்கை நினைத்து நின்றோம். அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டில் 2023 முதல் இன்சுலினுக்கு மாதம் 35 டாலரே உச்சவரம்பு. இளையோருக்கு நாடு முழுவதற்குமான அத்தகைய சட்டம் இல்லை.