ஒரு பகலுக்கான ஏற்பாடு

திட்டமிடுதலை அரபு மொழியில் ‘தத்பீர்’ என்பர். ‘துபுர்’ என்னும் சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது அது. துபுர் என்பது ஒன்றன் பின்புறம், இறுதி. ஒரு காரியத்தின் முடிவில் என்ன வந்து நிற்கும் என்பதை முன்னமே நோக்குதல் தத்பீர் ஆயிற்று. மாணவர்க்கு இதனை எத்தனையோ முறை விளக்கியுள்ளோம். எனினும், கோவையிலிருந்து அமைதிப் பள்ளத்தாக்கிற்கு ஒரே நாளில் போய்த் திரும்புவதென்று குடும்பத்தார் கூடி முடிவு செய்து, ஏற்பாட்டை நம் தலையில் சுமத்திய பின்னரே அச்சொல்லின் அருமை நமக்கு முழுமையாகப் புலனாயிற்று.

சைலண்ட் வேலி என்று பலரும் அறிந்த இப்பள்ளத்தாக்கு, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரித் தொடரின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. சிள்வண்டின் இரைச்சல் இல்லாத காடாதலின் வெள்ளையர் இப்பெயரிட்டனர் என்பர். அட்டப்பாடியிலுள்ள முக்காலி என்னும் சிற்றூர் வரை நாம் நம் வண்டியில் செல்லலாம். அதற்கப்பால் 23 கிலோமீட்டர் காட்டுவழி. வனத்துறையின் ஏற்பாட்டில், வழிகாட்டியோடுதான் போகவேண்டும். அவ்வழி முடியும் இடம் சைரந்திரி. அங்கே ஏறத்தாழ 100 அடி உயரமுள்ள காட்சிக் கோபுரம் ஒன்றுண்டு. போய் வர ஐந்து மணி நேரம் வேண்டும். ஆதலின் பிற்பகலில் வருவோரை உள்ளே விடுவதில்லை. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. முன்பதிவின்றிப் புறப்படுவது வீண்.

இனிக் கணக்கைப் பின்னிருந்து போட்டுப் பாருங்கள். ஆனைக்கட்டிச் சாலையில் அந்தி சாய்ந்தால் யானைகள் குறுக்கிடும். டிசம்பர் இறுதியில் மாலை ஆறு மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடுகிறான். அதற்குள் அக்காட்டைக் கடந்துவிட வேண்டுமெனில் முக்காலியை விட்டு மூன்றரை மணிக்காவது கிளம்பவேண்டும். லுஹர் தொழுகைக்கும் உணவுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், காட்டிலிருந்து இரண்டரைக்கு இறங்கியிருக்க வேண்டும். அப்படியாயின் காலை ஒன்பதரைக்குள் ஏறியாக வேண்டும். ஃபஜ்ரு தொழுத கையோடு இருட்டில் புறப்படலாமோ எனில், யானைக்கு வைகறையும் உகந்த வேளையே. வெளிச்சம் வந்தபின் ஆறரைக்குக் கிளம்புவதென வைத்தோம். முன்னும் பின்னும் நெருக்கிய பிறகு நம் கையில் மிஞ்சிய தாராளம் அரைமணி நேரமே!

இக்கணக்கை வீட்டில் படித்துக் காட்டியதும் எழுந்த கூக்குரலைச் சொல்லி முடியாது. தம்பி மகன், “பெரியத்தா, அவ்வளவு தூரம் போறோம், வர்ற வழியில மலம்புழா அணையையும் பார்த்துடலாமே” என்றான். வரைபடத்தில் இரண்டும் ஒரு விரற்கடைத் தொலைவில் இருப்பது மெய்தான். மலைப்பாதை விரற்கடைக்கு அடங்குமா? பெண்டிர் தரப்பிலோ பிரியாணித் தேக்சாவைப் பற்றிய வழக்கு. காட்டிற்குள் அடுப்பு மூட்டலாகாது, பிளாஸ்டிக் கூடாது, எச்சில் இலை எறியலாகாது என்று எடுத்துரைத்தோம். ஈற்றில் எலுமிச்சைச் சோறும் அவித்த முட்டையும் தூக்குவாளிகளில் முக்காலி வரை வரும், மேலே தண்ணீரும் பேரீத்தம் பழமும் மட்டும் என்று தீர்ந்தது.

“இத்தனை கெடுபிடியா?” என்று சலித்துக்கொண்டவர்க்கு நாம் பழைய கதையைச் சொல்ல நேர்ந்தது. அங்கே ஓடும் குந்திப்புழையை மறித்து 120 மெகாவாட் மின் நிலையம் கட்டுவதற்கு 1973இல் திட்டக்குழு இசைந்தது. கட்டியிருந்தால் காட்டின் நடுப்பகுதி நீரில் ஆழ்ந்திருக்கும். வெடிபலாவின் கனியை நம்பி அங்கே வாழும் சிங்கவால் குரங்குகள் எங்கே போயிருக்கும்? கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தினரும், பறவையியல் அறிஞர் சாலிம் அலி போன்றோரும் வாதாடினர். மலபாரில் மின்சாரம் இன்றித் தவித்தவர்களின் குறையும் பொய்யன்று. வழக்கு இரு பக்கமும் கனத்தது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. பார்ப்பதற்கு ஒரு காடு அங்கே எஞ்சியிருப்பதால்தானே நாமும் நேரத்தைப் பற்றி வழக்காடுகிறோம்!

ஆயினும் நேரமோ உணவோ அன்று, நம்மை உறங்கவிடாத கேள்வி வேறு. அம்மாவை அழைத்துச் செல்வதா, வேண்டாமா?

மர்ஹூம் அத்தா அவர்கள் 1970களின் தொடக்கத்தில் மண்ணார்க்காட்டு மரவாடி ஒன்றில் கணக்கெழுதினார்கள். அந்நாளில் இப்பள்ளத்தாக்கின் சில பகுதிகளில் மரம் வெட்டுதல் நடந்துகொண்டிருந்தது. 1976இல்தான் அது நின்றது. அம்மா அவ்வூரில் ஐந்தாண்டு குடித்தனம் நடத்தினார்கள். ஊரை ஒட்டி ஓடிய குந்திப்புழையில் துணி வெளுத்தார்கள். மலையிலிருந்து இறங்கும் லாரிகளைக் கண்டார்களேயன்றி, மலையைக் கண்டதில்லை. இப்போது வயது 78. இரண்டு முழங்காலிலும் வலி. மேடும் பள்ளமுமான காட்டுவழியில் போகவர 46 கிலோமீட்டர் குலுங்கவேண்டும். நடுவே எவர்க்கேனும் முடியாமற் போனால் மருத்துவரும் இல்லை. நம் மருத்துவர் தடுக்கவுமில்லை, ஊக்கவுமில்லை.

தம்பி ஒரு சமரசம் சொன்னார். அம்மாவை முக்காலியில் நிழலாக ஓரிடத்தில் அமர்த்தி, மகளைத் துணைக்கு வைத்துவிட்டு மற்றவர்கள் மேலே செல்லலாம். அங்கேயும் ஆறு ஓடுகிறதே என்றார். நமக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. அம்மா கேட்டார்கள்: “அது எந்த ஆறு?”

பவானி என்றோம். அப்பவானி கிழக்கே திரும்பி நம் தமிழகம் வந்து காவிரியில் கலப்பது. மேலே மலைமுகட்டுக்கு அப்புறம் ஓடும் குந்திப்புழையோ தெற்கே இறங்கிப் பாரதப்புழையோடு சேர்ந்து மேற்குக் கடலை அடைவது. ஒரே மலையில் இரண்டு நீர், இரண்டு கடல்.

“அப்ப அது நான் துணி துவைச்ச ஆறு இல்லையே. அது எங்கேர்ந்து வருதுன்னுதானே பார்க்கணும்னேன்” என்றார்கள்.

அதற்குமேல் எவரும் வாதாடவில்லை. கோபுரத்தில் அம்மா ஏறவேண்டியதில்லை. கீழே நாம் உடனிருப்போம், நம்மைவிடக் காலில் வலுவுள்ளவர்கள் ஏறிக்கொள்ளட்டும். இலவம்பஞ்சுத் தலையணை இரண்டு, வலிக்கு மாத்திரை, மாற்று உடை ஆகியன தனிப் பையில் வந்துவிட்டன. கையில் மிஞ்சிய அரைமணி நேரமும் அம்மாவின் நடைக்கே. வண்டியில் முன் இருக்கை தமக்குத்தான் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டார்கள். அவ்விடம் வழிகாட்டிக்கு உரியதா என்று நாளைக் காலை முக்காலிக்குத் தொலைபேசியில் கேட்கவேண்டும்.