எழுபத்தைந்து கியாட் நோட்டு

ரங்கூன் அப்போது தலைநகரம். காளி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். அம்மா இடித்துக் கொடுக்கும் மசாலாப் பொடியை அப்பா சந்தையில் விற்பார்.

1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். மாற்றியும் தரமாட்டார்களாம். அக்காவின் கல்யாணத்துக்கு அப்பா தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தது பெரும்பாலும் 75. அந்த நோட்டு வந்தே இரண்டு வருடம் ஆகவில்லை.

"நகையா வாங்கி வைங்கன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேனே" என்று அம்மா அழுதாள். 1964இல் 50, 100 செல்லாமல் போனதையும், கடையை இழந்து தாத்தா மதராசுக்குக் கப்பலேறியதையும் பார்த்தவர் அப்பா. அப்படியும் நம்பியிருக்கிறார். எவ்வளவு போனது என்று எங்களிடம் சொல்லவேயில்லை.

அந்த மாதமே 45, 90 நோட்டுகள் வந்தன. ஒன்பது நே வின்னுக்கு ராசியான எண்ணாம். ஒன்பதாம் வாய்பாட்டை நான் சில்லறை கொடுத்தே படித்தேன்.

"வெளியே அரசியல் பேசாதே, நாம காலாக்கள்" என்பது அப்பாவின் சட்டம். 1988 ஆகஸ்ட் 8 அன்று ஊர்வலம் எங்கள் தெருமுனையைக் கடந்தபோது அவரே தண்ணீர்க் குடத்தை வாசலுக்குத் தூக்கிவந்தார். குடித்த மாணவன் ஒருவன் பர்மியத்தில் கேட்டான்: "ஊலே, போன வருஷம் உங்களுக்கு எவ்வளவு போச்சு?"

அப்பா தொகையைச் சொன்னார். கதவருகே நின்றிருந்த அம்மா அப்போதுதான் கேட்டாள்.

அன்றிரவு சூலே பக்கம் சுட்டார்கள்.